உடையவரை நோக்கிக் கூவும் தீவுகள்

2025ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், இலண்டனில் பொழுது புலருமுன் நீதிபதி ஒருவர் தடையாணை பிறப்பித்தார். இந்தியப் பெருங்கடலின் நடுவே கிடக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீசியஸ் நாட்டிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் அரசு அன்று கையொப்பமிடலாகாது என்பதே அந்த ஆணை. அதை வேண்டி நின்றவர்கள், அத்தீவுகளுள் பெரியதாகிய டியேகோ கார்சியாவில் பிறந்த இரு பெண்கள். தம் பிறந்த மண்ணைப் பற்றிய உடன்படிக்கையில் தம்மை எவரும் கலந்து பேசவில்லை என்பது அவர்களது முறையீடு. நண்பகல் அளவில் ஆணை நீக்கப்பட்டது. பிற்பகலில் ஒப்பமிடப்பட்டது. அரைநாள் காலம் ஓர் அரசைக் காக்க வைத்ததே அவர்களுக்குக் கிட்டிய வெற்றி.

அன்று மாலையும் அடுத்து வந்த நாட்களிலும் பிரிட்டனின் ஏடுகளிலும் பாராளுமன்றத்திலும் எழுந்த ஆரவாரத்தை நாம் கவனித்து வந்தோம். ஒரு சாரார் சரணாகதி என்று கூவினர். மறு சாரார், இராணுவத் தளம் 99 ஆண்டுகளுக்குக் காக்கப்பட்டது என்று மார்தட்டினர். ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துக் கோடியே பத்து இலட்சம் பவுன் குத்தகை. அதன் இன்றைய மதிப்பு 340 கோடி பவுன் என்றது அரசு. இல்லை, 3,000 கோடிக்கு மேல் என்றது எதிர்க்கட்சி. கூட்டலும் கழித்தலும் வட்டிக் கணக்கும் ஓயவில்லை. விடியுமுன் நீதிமன்றத்தை நாடிய இரு பெண்கள் மட்டும் அந்தக் கணக்கேட்டில் வரவுப் பக்கத்திலும் இல்லை, செலவுப் பக்கத்திலும் இல்லை.

நம்மை உறுத்துவது இதுவே. இதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். ஆங்கிலேயர்மீது வெறுப்பால் எழுதுகிறோம் என்று எவரும் கருத வேண்டா. அவர்தம் மொழியையும் இலக்கியத்தையும் விரும்பிக் கற்றவர் நாம். அந்நாட்டின் தவறுகளை வெளிக்கொணர்ந்த ஆவணங்களை அந்நாட்டு ஆவணக்காப்பகமே பாதுகாத்து வைத்திருந்தது என்பதையும், அவற்றைக் கொண்டு அரசைக் கண்டித்த நீதிபதிகள் அந்நாட்டிலேயே இருந்தனர் என்பதையும் மறவோம். எனினும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த டீன் ஆச்சிசன், 1962 டிசம்பரில் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் ஆற்றிய உரையில், பிரிட்டன் ஒரு பேரரசை இழந்துவிட்டது, ஆனால் தனக்குரிய பாத்திரத்தை இன்னும் கண்டடையவில்லை என்னும் கருத்தைச் சொன்னார். அன்று அந்நாட்டு மக்கள் சினந்தனர். ஆனால் பின்னர் அக்கருத்தே அவர்களுக்கு ஒருவகை ஆறுதலாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே தலையங்கம் எழுதுவோரும் அமைச்சர்களும் அதையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகின்றனர். உலகில் நம் இடம் எது? நாம் ஏற்க வேண்டிய வேடம் எது?

இக்கேள்வியிலேயே ஒரு கோணல் உள்ளது என்கிறோம். இது நடிகனுடைய கேள்வி. ஒரு நாடகம் முடிந்தது, அடுத்த நாடகத்தில் எனக்கு என்ன வேடம் என்று கேட்பவனுடைய கேள்வி. பிறர் மனையில் குடியிருந்தவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவன்று. நான் யாருக்கு என்ன கொடுக்கக் கடன்பட்டிருக்கிறேன் என்பதே அவன் முதலில் கேட்க வேண்டியது. தன் இடத்தைப் பற்றி ஆறேழு முறை மறுசிந்தனை செய்த நாடு, தன்னால் இடமிழந்தவர்களைப் பற்றி ஒரு முறையேனும் முழுமனத்தோடு சிந்தித்ததா?

அந்த மறுசிந்தனைகளின் வரலாற்றை விரைவாகவே கடந்து செல்லலாம், வாசகர் அறிந்ததே. 1947இல் இந்தியாவை விட்டு நீங்கினர். 1956இல் சூயஸ் கால்வாயைப் படைகொண்டு மீட்கப் புகுந்து, அமெரிக்கா பவுனின் மதிப்பைக் காட்டி மிரட்டியதும் பின்வாங்கினர். ஐரோப்பியப் பொதுச் சந்தையின் கதவை 1961இலும் 1967இலும் தட்டினர். இரு முறையும் பிரெஞ்சுத் தலைவர் தெகோல் தாழிட்டார். 1967 நவம்பரில் பவுனின் மதிப்பைக் குறைத்தனர். 1968 சனவரியில், சூயசுக்குக் கிழக்கே உள்ள படைகளைத் திரும்பப் பெறுவோம் என்று பிரதமர் வில்சன் அறிவித்தார். 1973இல் பொதுச் சந்தையில் சேர்ந்தனர். 2016இல் நூற்றுக்கு 52 பேர் வெளியேற வாக்களித்தனர். 2020 சனவரி 31இல் வெளியேறினர். அதன்பின் "உலகளாவிய பிரிட்டன்" என்றொரு முழக்கம் எழுந்தது. நிலமெல்லாம் கைமாறிய பின்னும் திண்ணையில் அமர்ந்து ஊர் வழக்கைத் தீர்க்க முயலும் பழைய மிராசுதாரரைத் தஞ்சைப் பக்கம் கண்டவர்களுக்கு, இந்த முழக்கத்தின் தொனி புதிதன்று.

சூயசுக்குக் கிழக்கே எமக்கு இனி வேலையில்லை என்று உலகறியச் சொன்ன அதே ஆண்டுகளில், உலகறியாமல் செய்த ஒன்றுண்டு. அங்கே நாம் சற்று நிற்க வேண்டும்.

சாகோஸ் என்பது அறுபதுக்குக் குறையாத சிறு பவழத்தீவுகளின் கூட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்து தென்னை பயிரிட்டனர். 1814இல் மொரீசியசோடு சேர்த்து இத்தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் போய்ச் சேர்ந்தனர். கொப்பரையும் தேங்காயெண்ணெயுமே வாழ்வாதாரம். தமக்கென்று ஒரு கிரியோல் மொழி, தமக்கென்று பாட்டு, பெரும்பாலும் கத்தோலிக்க வழிபாடு, ஐந்தாறு தலைமுறைக் கல்லறைகள் என ஒரு மக்களினம் அங்கே உருவாயிற்று. 1960களில் அவர்கள் சுமார் 1,500 முதல் 2,000 பேர்.

அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேவைப்பட்டது. குடிமக்கள் இல்லாத தீவு வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மொரீசியஸ் விடுதலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. விடுதலை தருமுன் ஒரு குடியேற்ற நாட்டைத் துண்டாடக் கூடாதென்று ஐ.நா. பொதுப்பேரவை 1960 டிசம்பரில் 1514ஆம் தீர்மானத்தின் வழியாகத் தெளிவாகவே சொல்லியிருந்தது. எனினும் 1965 செப்டம்பரில் இலண்டனில் மொரீசியஸ் தலைவர் சீவூசாகர் ராம்கூலம் பிரதமர் வில்சனைச் சந்தித்தார். விடுதலை கிட்டும் என்ற நம்பிக்கையைக் காட்டி, அதே வேளை கிட்டாமலும் போகலாம் என்று அஞ்சவைப்பதே இச்சந்திப்பின் நோக்கம் என்ற கருத்துப்பட வில்சனின் செயலர் குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்த அச்சம் வேலை செய்தது. முப்பது இலட்சம் பவுன் விலை. 1965 நவம்பர் 8ஆம் நாள் "பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி" என்றொரு புதிய குடியேற்ற நாடு அரச ஆணை ஒன்றால் பிறந்தது. குடியேற்ற நாடுகள் எல்லாம் மறைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்றைப் பெற்றெடுத்த பெருமை இது! 1966இல் அத்தளம் அமெரிக்காவுக்கு 50 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. கைம்மாறாக, பொலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் பிரிட்டன் தரவேண்டிய தொகையில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் டாலர் மறைவாகத் தள்ளுபடியாயிற்று.

மக்களை என்ன செய்வது? இங்கேதான் எழுதுகோல் செய்த கொடுமை தொடங்குகிறது. அவர்கள் நிலையான குடிகள் அல்லர், ஒப்பந்தத்தில் வந்துபோகும் கூலிகளே என்று ஐ.நா.விடம் சொல்லிவிடுவதென்று முடிவாயிற்று. அப்படிச் சொல்வது பொய் என்று தெரிந்தே சொன்னார்கள் என்பது அவர்களுடைய கோப்புகளிலிருந்தே பின்னர் வெளிப்பட்டது. 1966இல் வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஒருவர், அங்கே கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடிகள் இல்லை என்று ஏளனமாக எழுதினார். இன்னொருவர், பறவைகளோடு சில டார்சான்களும் ராபின்சன் குரூசோவின் ஏவலாளான ஃபிரைடேக்களும் உள்ளனரே என்று அடிக்குறிப்புச் சேர்த்தார். நல்ல பள்ளிகளில் பயின்றவர்கள், இலக்கியம் அறிந்தவர்கள். நகைச்சுவைக்குக் குறைவில்லை.

முதலில், மருத்துவத்திற்காகவும் உறவினரைக் காணவும் மொரீசியசுக்குச் சென்றவர்களுக்குத் திரும்பக் கப்பல் மறுக்கப்பட்டது. பிறகு உணவுப் பொருள் வரத்துக் குறைந்தது. 1971இல் டியேகோ கார்சியா முற்றிலும் காலி செய்யப்பட்டது. தீவினரின் வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிகளின் புகையைச் செலுத்திக் கொன்றனர். அந்த நாய்களை வளர்த்த சிறுவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அடுத்த முறை நமக்கோ என்று அஞ்சியதாக அவர்களுள் சிலர் முதுமையிலும் சொல்லி வந்துள்ளனர். 1973இல் பேரோஸ் பான்யோஸ் தீவின் கடைசிக் குடிகளும் நோர்ட்வேர் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். லிஸ்பி எலிசே என்ற பெண் அப்போது இருபது வயதினர்; நான்கு மாதக் கருவுற்றிருந்தார். ஆளுக்கு ஒரு பெட்டி மட்டுமே கொண்டு செல்லலாம். கப்பலின் அடித்தட்டில் அடிமைகளைப் போல் கொண்டு செல்லப்பட்டோம் என்றும், பிறந்த குழந்தை இறந்தது என்றும் 2018 செப்டம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தின் முன் அவர் சாட்சியமளித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். அந்த நீதிமன்றம் கேட்ட உரைகளில் அவ்வளவு எளிய சொற்களால் ஆனது வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

1982ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஏப்ரலில் அர்ஜென்டினா ஃபாக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்றியது. அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,800 பேர். அம்மக்களின் விருப்பமே முதன்மையானது, எத்துணைச் சிறிய மக்களினமாயினும் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை அதற்கு உண்டு என்று பிரிட்டன் முழங்கி, எண்ணாயிரம் மைல் தொலைவுக்குக் கப்பற்படையை அனுப்பியது. 255 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டனர். அர்ஜென்டினரும் 649 பேர் மாண்டனர். அந்தக் கொள்கையை நாம் பழிக்கவில்லை. அது சரியான கொள்கை. ஆனால் அதே 1982இல், ஏறத்தாழ அதே தொகையினரான சாகோஸ் மக்களுக்கு நாற்பது இலட்சம் பவுன் இழப்பீடு என்று பேசி முடித்து, இனித் திரும்பிச் செல்லும் உரிமை கோரோம் என்னும் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினர். பத்திரம் இருந்தது ஆங்கிலச் சட்டமொழியில். கைநாட்டு வைத்தவர்கள் அறிந்தது கிரியோல். ஒரு தீவினர்க்கு விமானந்தாங்கிக் கப்பல், மற்றொரு தீவினர்க்கு மைப்பெட்டி. வேறுபாடு எதில் என்று கேட்டால், தோலின் நிறத்தில் என்று விடை சொல்ல நமக்கும் கூசுகிறது. வேறு விடை இருப்பின் எவரேனும் சொல்லட்டும்.

இவையெல்லாம் பழங்கதை, பேரரசுக் காலத்து மனநிலை, அந்தத் தலைமுறை போய்விட்டது என்பார் உளர். இதை நாம் ஒப்போம். 2000 நவம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் இவ்வெளியேற்றம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், மேல்முறையீடு செய்யோம் என்று நேர்மையாகச் சொன்னார். அவருக்கு நம் மதிப்பு உரியது. ஆனால் 2004 சூனில், பாராளுமன்றத்தில் விவாதமே இன்றி, மீண்டும் ஓர் அரச ஆணையால் அத்தீர்ப்பு செல்லாததாக்கப்பட்டது. கீழ்நீதிமன்றங்கள் தீவினர் பக்கம் நின்றபோதும், 2008இல் பிரபுக்கள் சபையில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அரசு வென்றது. 2010இல் அக்கடற்பரப்பு முழுவதும் உயிரினக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீனுக்கும் பவழத்துக்கும் இத்துணைக் கருணையா என்று வியந்தோம். மீள்குடியேற்றத்தைத் தடுக்க இதைவிட நல்வழி இல்லை என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் அமெரிக்கத் தூதரகத்தாரிடம் பேசியதைக் காட்டும் ஆவணம் அவ்வாண்டே கசிந்தது. அவ்வறிவிப்பு கடற்சட்டத்திற்கு முரண் என 2015இல் நடுவர் மன்றம் கூறிற்று. 2016இல் மீள்குடியேற்றம் இயலாதென்று அரசு மீண்டும் மறுத்தது. ஆயிரக்கணக்கான படைவீரரும், பிலிப்பைன்சிலிருந்து வந்த பணியாளரும் வாழும் தீவு, அங்கே பிறந்தவர்க்கு மட்டும் வாழத் தகாததாம்! இவற்றையெல்லாம் செய்தவர் பேரரசுக் காலத்தவரா? கணினியும் மின்னஞ்சலும் அறிந்த, மனித உரிமை பற்றி உலகுக்கு வகுப்பெடுத்த தலைமுறையினர் அல்லரோ?

பிரிட்டன் மனம் மாறியது மனச்சான்றினால் அன்று, எண்ணிக்கையால். 2017 சூனில் இவ்வழக்கை அனைத்துலக நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப 94 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 15. ஐரோப்பிய நட்பு நாடுகள் பலவும் வாக்களியாது ஒதுங்கிக்கொண்டன. அதே ஆண்டு நவம்பரில், அந்நீதிமன்றத்தின் நீதிபதித் தேர்தலில் இந்தியாவின் தல்வீர் பண்டாரிக்கு வழிவிட்டுப் பிரிட்டன் தன் வேட்பாளரைத் திரும்பப் பெற்றது. 1946இல் அந்நீதிமன்றம் தொடங்கியது முதல் பிரிட்டன் நாட்டவர் ஒருவரும் அங்கு அமராதது அதுவே முதன்முறை. 2019 பிப்ரவரி 25இல் நீதிமன்றம், ஒருவர் நீங்கலாகப் பதின்மூவர் ஒருமித்து, மொரீசியசின் விடுதலை சட்டப்படி நிறைவுறவில்லை, பிரிட்டன் தன் ஆட்சியை விரைந்து முடித்துக்கொள்ள வேண்டும் என்றது. அவ்வாண்டு மே 22இல் பொதுப்பேரவை 116 வாக்குகளுக்கு 6 என்ற கணக்கில் ஆறு மாதக் கெடு விதித்தது. பிரிட்டன் ஒப்பமிட்டதும் மே 22இல்தான். ஆறு மாதத்தில் அன்று, ஆறாண்டு கழித்து.

அவ்வாண்டு செப்டம்பரில் மடகாஸ்கரிலிருந்து திரும்பும் வழியில் திருத்தந்தை பிரான்சிசிடம் செய்தியாளர் இதுபற்றி வினவினர். மனித குலம் தானே அமைத்துக்கொண்ட அமைப்புகளின் தீர்ப்புக்குத் தானே கீழ்ப்படிய வேண்டும் என்ற பொருளில் அவர் விடையளித்தார். விதிகளின்படி இயங்கும் உலகம் என்று உக்ரைனுக்காகவும் தென்சீனக் கடலுக்காகவும் பேசும் நாடு, தனக்கெதிரான தீர்ப்பு வந்ததும் அது வெறும் கருத்துரை, கட்டுப்படுத்தாது என்றது எவ்வாறு பொருந்தும்?

சரி, இப்போது உடன்படிக்கைக்கு வருவோம். இங்கே நம் நண்பர்கள் சிலரோடும் நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. இந்திய அரசு இதை வரவேற்றது. நம் ஏடுகள் பலவும் குடியேற்ற ஆட்சியின் இறுதிக்கண்ணி அறுந்தது என்று பாராட்டின. அறுந்தது எது? இறைமை மொரீசியசுக்கு, டியேகோ கார்சியாவின் ஆட்சியோ 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனுக்கு. மற்றத் தீவுகளில் மொரீசியஸ் விரும்பினால் மக்களைக் குடியமர்த்தலாம். டியேகோ கார்சியாவில் ஆகாது. சாகோஸ் மக்களுக்கென்று நான்கு கோடி பவுன் நிதி. அதையும் ஆள்வது மொரீசியஸ். 1965இல் அச்சத்தால் இசைந்தவர் தந்தை ராம்கூலம். 2025இல் பிரதமராக ஒப்பமிட்டவர் மகன் நவின் ராம்கூலம். ஒரு குடும்பத்தின் வரலாற்றில் இது நிறைவுதான். ஆனால் மொரீசியசின் கைகளும் தூயவை அல்ல. 1972இல் தீவினருக்காகப் பெற்ற ஆறரை இலட்சம் பவுனை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, பணத்தின் மதிப்புக் கரைந்த பின்னரே அவர்களுக்குப் பங்கிட்டது அந்நாட்டு அரசு. போர்ட் லூயி நகரின் சேரிகளில் அவர்கள் பட்ட இழிவை அங்குள்ளோர் அறிவர்.

அறநெறி இறையியலில் ஈடுசெய்தல் பற்றிய பகுதியைக் குருமடத்தில் இலத்தீனில் பயின்றோம். பொருள் தன் உடையவனை நோக்கிக் கூவுகிறது என்பது அங்கே ஒரு சூத்திரம். களவுபோன பொருள் இன்னும் இருக்குமானால், அந்தப் பொருளையே, அதன் உடையவனிடமே, திருப்பித் தரவேண்டும். விலையைத் தந்தால் போதாது; அண்டை வீட்டாரிடம் தந்தாலும் தீராது; திருப்பித் தந்துவிட்டு அன்றே குத்தகைக்கு எழுதி வாங்கிக்கொள்வதைப் பற்றிப் பழைய ஆசிரியர்கள் ஒன்றும் எழுதவில்லை, அவர்களுக்கு அவ்வளவு கற்பனை இல்லை போலும். தென்னை வளர்த்தவன் வெளியே நிற்க, ஓர் அரசு மற்றோர் அரசுக்குப் பெருந்தன்மையோடு நீட்டுகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று நம் ஊரில் சொல்வது இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது.

உடன்படிக்கையை ஆதரிக்கும் சாகோஸ் மக்களும் உளர் என்பதை மறைப்பது நேர்மையன்று. நீதிமன்றம் தோறும் பல்லாண்டு வழக்காடிய ஒலிவியே பான்கூல்ட், பேரோஸ் பான்யோசுக்கேனும் திரும்பும் வழி இதுவே என்று இதனை ஏற்றார். அவர்தம் குழுவினரை 2025 ஆகஸ்டில் திருத்தந்தை பதினான்காம் லியோ சந்தித்து மகிழ்ச்சி தெரிவித்தார். இங்கிலாந்தின் கிராலி நகரில் வாழும் சாகோசியர் பலரோ, மொரீசியசை எம் நாடென்று எவர் தீர்மானித்தது என்று கேட்கின்றனர். இவ்விரு சாராருள் யார் சரி என்று இங்கிருந்து சொல்ல நாம் முற்படவில்லை. அவர்கள் ஒன்றுகூடிப் பேசி, வாக்களித்து, தாமே முடிவுசெய்யும் வாய்ப்பை எவரும் தரவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. ஃபாக்லாந்து மக்களுக்கு 2013இல் பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஜிப்ரால்டரில் 1967இலும் 2002இலும் நடத்தப்பட்டது. வாக்குப்பெட்டி அந்நாட்டாருக்குத் தெரியாத பொருளன்று.

பிரிட்டனில் இவ்வுடன்படிக்கையை எதிர்ப்போருக்கும் நம் ஆதரவு இல்லை. திடீரென்று சாகோஸ் மக்களின் உரிமைக்காகக் கண்ணீர் உகுக்கும் பழமைக் கட்சியினர், தம் ஆட்சியில் 2016இல் அம்மக்களுக்கு வழி மறுத்ததையும், மொரீசியசோடு பேச்சைத் தொடங்கியது 2022இல் தம் அரசே என்பதையும் மறந்தது ஏன்? அவர்கள் கண்ணீர் பாதுகாப்பு என்னும் சொல்லைச் சுற்றியே சொரிகிறது. அந்தப் பாதுகாப்போ பிறர் கையில். 2025இல் உடன்படிக்கையை வரவேற்ற வாஷிங்டன், 2026 சனவரியில் அதையே பெருமடமை என்று பழித்தது. உடனே இலண்டனில் விவாதம் மீண்டும் தீப்பற்றியது. 1956இல் பவுனைக் கண்டு அஞ்சியவர்கள் 2026இல் ஒரு தலைவரின் வாய்ச்சொல்லைக் கண்டு அஞ்சுகிறார்கள். உலகில் தன் இடம் எது என்று இவ்வளவு காலம் தேடிய நாடு, அதை மற்றவர் முகக்குறிப்பிலேயே தேடி வந்திருக்கிறது.

இக்கதையில் நம்மவரும் அகப்பட்டனர் என்பதைத் தமிழ் வாசகருள் பலர் அறியார். 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிப் புறப்பட்ட 89 இலங்கைத் தமிழர் சென்ற படகு நடுக்கடலில் இடருற்று, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குடிமக்கள் வாழ இடமில்லை என்று சொல்லப்பட்ட தீவில், வேலி சூழ்ந்த கூடாரங்களுக்குள், குழந்தைகளோடு, மூன்றாண்டுக்கு மேல் சிலர் அடைபட்டுக் கிடந்தனர். எலிகள் கடித்தன, பலர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றனர். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அத்தடுப்புக்காவல் சட்டவிரோதம் என்று அம்மாதமே அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பிறந்தவர்கள் உள்ளே வர முடியவில்லை; அங்கே ஒதுங்கியவர்கள் வெளியே போக முடியவில்லை. ஒரே வேலிதான். நம் ஊடகங்கள் இதற்குக் கொடுத்த இடம், ஒரு திரைப்பட நடிகரின் பிறந்தநாளுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் இராது. இதில் பிரிட்டனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

பாதுகாப்பு வேண்டும், தளம் வேண்டும் என்போருக்கு ஒன்று சொல்வோம். அந்தத் தீவில் ஏறத்தாழ பாதியளவு நிலத்தில்தான் தளம் உள்ளது. கிழக்குக் கரையில் பழைய குடியிருப்பு இடிந்து கிடக்கிறது. படைத்தளங்களுக்கு அருகே மக்கள் வாழாத நாடு எது? ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அமெரிக்கத் தளங்களின் வேலியோரம் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. தென்னந்தோப்பில் சில நூறு குடும்பங்கள் இருப்பதால் சாயும் பாதுகாப்பு என்ன பாதுகாப்பு?

2006 ஏப்ரலில், நீண்ட வழக்காடலுக்குப்பின், நூறு பேருக்குச் சற்று மிகுந்த தீவினர் கப்பலில் அங்கே அழைத்துச் செல்லப்பட்டனர். ஒவ்வொரு தீவிலும் சில மணி நேரமே அனுமதி. கிழக்குமுனையில் இருந்த தம் பழைய ஆலயத்தில் வழிபட்டனர். கல்லறைகளில் படர்ந்திருந்த செடிகளைக் கையால் பிடுங்கினர், மலர் வைத்தனர். சிலர் மண்ணையும் மணலையும் சிறு பைகளில் கட்டிக்கொண்டனர். அழைத்துச் சென்ற அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மாலைக்குள் கப்பலேற வேண்டும் என்பது நிபந்தனை.